நம் வீட்டு வாக்குகள்

தேர்தல் நாள் அறிவிக்கப்பட்டுவிட்டால் பங்குக் குருவைத் தேடி வருவோரின் தொகை கூடிவிடுகிறது. ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் திருமண ஓலைக்கும் வருவோரை நான் கூறவில்லை. "சாமி, எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்று பேச்சைத் தொடங்குவோரையே கூறுகிறேன். மற்ற நாள்களில் அந்த ஒரு வார்த்தை குடிப்பழக்கத்தைப்பற்றியதாக இருக்கும். தேர்தல் மாதத்தில் அது சின்னத்தைப்பற்றியதாக மாறிவிடும். மனைவிக்குக் கணவரின் வாக்கு வேண்டும். தந்தைக்கு மகனின் வாக்கு வேண்டும். முதன்முறை வாக்களிக்கப்போகும் கல்லூரி மாணவிக்கோ பாட்டியின் வாக்கு வேண்டும். ஒவ்வொருவரும் தாம் விரும்பும் வேட்பாளர் நல்லவர் என்று மனமார நம்பியே வருகிறார்கள். அந்த நம்பிக்கையை ஏளனம் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

காளவாசல் என்பது சூளைக்குரிய பெயர். இன்று இங்கே சூளையைக் காண முடியாது. தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் சந்திக்கும் இடத்தில் 2020-இல் திறக்கப்பட்ட மேம்பாலத்தைத்தான் காணலாம். ஆயினும் ஏப்ரல் மாதத்துத் தேர்தலில் அரசரடியிலிருந்தும் பெத்தானியாபுரத்திலிருந்தும் பொன்மேனியிலிருந்தும் பிரசார வண்டிகள் ஒலிபெருக்கிகளோடு வந்து குவியும்போது பழைய பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 1980-இல் எம்.ஜி.ஆர். மதுரை மேற்குத் தொகுதியில் நின்று வென்ற தேர்தலில், ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும் முன்சுவரில் ஒரு சின்னத்தையும் பின்சுவரில் மற்றொரு சின்னத்தையும் வரைந்த கதையை இப்பகுதி முதியவர் ஒருவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். இன்று சுவரில் வரைவோர் குறைவு. வீட்டுக்குள்ளேயே சுவர் எழும்பிவிடுகிறது.

வீட்டாரிடம் அரசியல் பேசுவது தவறா என்று சிலர் கேட்பதுண்டு. தவறன்று, பேசாதிருப்பதே குறை என்பேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, வாக்குரிமையைப் பொதுநலனுக்காகப் பயன்படுத்துவது குடிமக்களின் உரிமையும் கடமையுமாம் என்று கற்பிக்கிறது. நல்ல மனமுள்ள கிறிஸ்தவர்கள் ஒரே பொருளில் வெவ்வேறு முடிவுகளுக்கு வரக்கூடும் என்பதையும், அப்பொழுது எவரும் தம் கருத்தே திருச்சபையின் கருத்து என்று உரிமை கொண்டாடலாகாது என்பதையும் அதே ஏடு எடுத்துரைக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு வேட்பாளரால் தம் தெருவுக்கும் ஊருக்கும் நன்மை விளையும் என்று ஒருவர் நம்பினால், அந்நம்பிக்கையைத் தம் மனைவி மக்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருப்பது என்ன அன்பு?

ஆனால் நம்மவர்களின் வழக்கம் விந்தையானது. தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து முன்பின் அறியாதவரோடு இரண்டு மணி நேரம் வாதிடுகிறோம். நாளேட்டிலிருந்து சான்று காட்டுகிறோம். எதிராளி கூறுவதற்கு மறுமொழி தேடுகிறோம். வீட்டுக்குத் திரும்பியதும் மனைவியிடம், "ஏய், ஞாபகம் இருக்குல்ல? அந்தச் சின்னம்" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். அந்நியருக்குக் காரணம் கூறுகிறோம். வீட்டாருக்குக் கட்டளை இடுகிறோம்.

இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்காக வாக்காளர் பட்டியல் தயாரித்தபொழுது, வட மாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் பலர் தம் பெயரைக் கூற மறுத்து, இன்னாரின் மனைவி என்றும் இன்னாரின் தாய் என்றும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென் அதற்கு இசையவில்லை. பெயரைக் கூறக் கால அவகாசம் அளித்தும், ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறாமல் போயினர். கடுமையான முடிவுதான். எனினும் அதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். வாக்கு என்பது பெயருள்ள ஓர் ஆளுக்கு உரியது. இன்னாரின் மனைவிக்கு உரியதன்று. நம் பகுதியில் எல்லாப் பெண்களின் பெயரும் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் "எங்க வீட்டுல நாலு ஓட்டு இருக்கு" என்று குடும்பத் தலைவர் வேட்பாளரிடம் கூறும்பொழுது அந்த நான்கு பெயர்களும் எங்கே போய்விடுகின்றன?

வீட்டுக்குள் நடந்த பேச்சு ஒரு மாநிலத்தின் வரலாற்றில் பங்கு கொண்ட நிகழ்ச்சி நம் பக்கத்திலேயே உண்டு. 1965 ஜனவரி 25 அன்று மதுரை வடக்கு மாசி வீதியில் இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் சென்ற மாணவர்களுக்கும் காங்கிரஸ் அலுவலகத்தில் இருந்தோருக்கும் மோதல் மூண்டது. அந்தத் தீ சென்னை மாநிலமெங்கும் பரவியது; துப்பாக்கிச் சூடுகளில் பலர் மாண்டனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1967 பிப்ரவரியில் பொதுத் தேர்தல். அரிசிப் பஞ்சமும் சேர்ந்துகொண்ட காலம். நகரக் கல்லூரிகளில் படித்த மாணவர்கள் தத்தம் சிற்றூர்களுக்குச் சென்று, எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியரிடமும் பேசினார்கள். பரம்பரையாகக் காங்கிரசுக்கே வாக்களித்து வந்த குடும்பங்கள் அவை. விருதுநகரில் பெருந்தலைவர் காமராசரே, பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மதிய உணவு போட்டுப் பள்ளிக்கு அழைத்தவரை, அந்தப் பள்ளியில் படித்த தலைமுறை தோற்கடித்தது. அது நன்றி கெட்ட செயலா, மக்களாட்சியின் இயல்பா என்பதைப்பற்றி எங்கள் குடும்பத்தில் இன்றும் இரு கருத்து உண்டு.

எங்கள் சித்தப்பா அப்பொழுது மதுரையில் கல்லூரி மாணவர். எங்கள் பெரியப்பாவோ கதராடை அணிந்த காங்கிரஸ்காரர். நான் அன்று பிறக்கவில்லை; பலமுறை கேட்டுக் கேட்டு நான் கண்ணால் கண்டதைப் போலவே ஆகிவிட்ட கதை இது. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு சித்தப்பா ஊருக்கு வந்தார். அப்பத்தா நெல் புடைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா தம் வேண்டுகோளைக் கூறியதும் அப்பத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மனுசன் போட்ட சோத்தைத் தின்னுட்டுத்தானடா நீ பள்ளிக்கூடம் போன?" என்று கேட்டாராம். "ஆமா ஆத்தா, அவரு நல்லவருதான். அந்தச் சோத்தைத் தின்னுதான் படிச்சேன். படிச்சதுனாலதான் இதைச் சொல்ல வந்தேன்" என்றாராம் சித்தப்பா.

பிறகு அவர் மொழியைப்பற்றிப் பேசவில்லை. அவர் உள்ளத்தில் கொதித்துக்கொண்டிருந்தது மொழிதான். தோழர்கள் அடிபட்டதை நேரில் கண்டவர் அவர். ஆனால் அப்பத்தாவின் கவலை அரிசிப் பானையில் இருந்தது. ஆதலால் அரிசியைப்பற்றிப் பேசினார். கடையில் என்ன விலை, ஏன் கிடைக்கவில்லை, எதிர்க்கட்சியார் என்ன வாக்களிக்கிறார்கள், அதில் எவ்வளவு நிறைவேறும் என்று தமக்கே ஐயம் என்பது வரையில் கூறினார். பெரியப்பா திண்ணையிலிருந்து இருமிக்கொண்டே இருந்தாராம். அவ்வளவுதான். அதற்குப் பின் ஒரு வாரம் அவர் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. கிணற்றில் நீர் இறைத்தார், மாட்டுக்கு வைக்கோல் போட்டார். தேர்தலன்று அப்பத்தா பெரியப்பாவின் மாட்டு வண்டியில் ஏறிச் சென்று வாக்களித்துவிட்டு வந்தார். யாருக்கு என்று எவரிடமும் கூறவில்லை. சித்தப்பா அதன் பின் இருபத்தைந்து ஆண்டுகள், அப்பத்தா கண்ணை மூடும் வரையில், பண்டிகைக்குப் பண்டிகை கேட்டுப் பார்த்தார். "போடா, ஒனக்கும் இல்ல, ஒங்க அண்ணனுக்கும் இல்ல" என்பதே பதில்.

சித்தப்பா அரசியல் நூல் எதையும் கற்று அவ்வாறு பேசவில்லை. பேசப்படுபவர் மதிக்கும் ஒருவரை முதலில் இழிவு செய்யாதிருக்க அவருக்குத் தெரிந்திருந்தது. தமக்குச் சுடும் காரணத்தை விட்டுத் தாய்க்குச் சுடும் காரணத்தை எடுக்கத் தெரிந்திருந்தது. ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் தெரிந்திருந்தது. இந்தக் கடைசிப் பண்பு நம் நாளில் மிக அரிதாகிவிட்டது. கைப்பேசியில் ஒரே செய்தியை நாளுக்கு ஒன்பது முறை அனுப்பினால் மனம் மாறிவிடும் என்று எண்ணுகிறோம். 1940-இல் அமெரிக்க நாட்டு ஒகாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில், லாசர்ஸ்ஃபெல்ட் என்னும் அறிஞரும் அவர் தோழரும் வாக்காளர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து சந்தித்து ஆராய்ந்தார்கள். வானொலியும் நாளேடும் மக்களை ஆட்டி வைக்கின்றன என்று காணலாம் என எதிர்பார்த்துச் சென்றவர்கள், வீட்டாரும் நண்பர்களும் பேசும் பேச்சே வலியது என்று கண்டு திரும்பினார்கள். வெளியார் வந்து கதவைத் தட்டிக் கேட்பதால் பொதுத் தேர்தலில் வேட்பாளரைப்பற்றிய முடிவு ஏறக்குறைய மாறுவதே இல்லை என்று, 49 களச் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த மற்றோர் ஆய்வு 2018-இல் கூறியது. ஆக, வீட்டாரின் சொல் வலிமை வாய்ந்தது. வலிமை வாய்ந்த எதனையும் போல அது காயப்படுத்தவும் வல்லது.

காயத்துக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் அண்மைத் தேர்தல்கள் பெரிய வாரத்தோடு வந்து மோதிக்கொண்டன. 2019-இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, பெரிய வியாழன். மதுரையில் அன்று சித்திரைத் தேரோட்டமும் சேர்ந்து வந்ததால் இங்கு மட்டும் இரவு எட்டு மணி வரையில் வாக்குப்பதிவு நடந்தது. பாதம் கழுவும் சடங்குக்கு அமர்ந்தவர்களில் பலர் விரலில் மையோடு வந்திருந்தார்கள். 2021-இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. அதற்கு முந்திய ஞாயிறுதான் பாஸ்கா. பிரசாரம் உயிர்ப்பு ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஓய்ந்தது. ஆகவே அந்தத் தவக்காலம் முழுவதும் நம் வீடுகளில் சிலுவைப்பாதையும் சின்னமும் ஒன்றாக நடந்தன.

அந்தப் பெரிய வாரத்தில்தான் ஒரு தாய் என்னைக் காண வந்தார். கணவர் பஞ்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். மகன் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை ஒன்றில் பணியாற்றுபவர். தந்தை தம் இளமை தொட்டு ஒரு கட்சி. மகன் அண்மையில் வேறொரு கட்சி. தந்தை போற்றும் தலைவரை இழித்துரைக்கும் படம் ஒன்றை மகன் குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார். தந்தை அதற்குப் பதில் எழுதினார். எழுதத் தெரிந்த வரையில் கடுமையாக எழுதினார். மகன் தந்தையைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். பெற்றவரை, அவர் பெயரால் தொடங்கிய குழுவிலிருந்து! அதற்குப் பின் இருவரும் ஒரே நேரத்தில் உண்பதில்லை. பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் ஊற்றிய கஞ்சியைக்கூடத் தந்தை ஒரு தூக்குவாளியிலும் மகன் ஒரு தூக்குவாளியிலும் வாங்கிச் சென்றதை நான் என் கண்ணாலேயே கண்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டாச் சண்டை தீந்துரும் சாமி. என் மகன்கிட்ட நீங்க சொல்லுங்க. சாமி சொன்னா மாதா சொன்ன மாதிரி கேப்பான்" என்றார் அத்தாய்.

மாதா சொன்ன மாதிரி! அவர் அன்பினால் கூறிய அந்தச் சொல்லைச் சட்டம் வேறு பெயரிட்டு அழைக்கிறது என்பதை அவர் அறியார். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு தேர்தல் முறைகேடுகளை வரையறுக்கிறது. இன்னாருக்கு வாக்களிக்காவிடில் இறைவனின் சினத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பச் செய்வதும், சாதியிலிருந்தோ சமூகத்திலிருந்தோ விலக்கிவைப்போம் என்று அச்சுறுத்துவதும் தகாத செல்வாக்கு என அதில் குறிக்கப்பட்டுள்ளன. வேட்பாளரே செய்தாலும், அவர் இசைவோடு பிறர் செய்தாலும் தேர்தல் செல்லாமற் போகலாம். 1957 தேர்தலில் அன்றைய பஞ்சாபின் சிர்சா தொகுதியில் இவ்வாறு ஒரு வழக்கு எழுந்தது. நாம்தாரி சீக்கியரின் சமயத் தலைவர், இன்னாருக்கே வாக்களிக்க வேண்டும் எனத் தம் அடியார்க்கு ஆணையிட்டார். 1959-இல் உச்ச நீதிமன்றம் நுணுக்கமாக ஒரு கோடு கிழித்தது. சமயத் தலைவருக்கும் எல்லாக் குடிமக்களைப் போலக் கருத்துக் கூற உரிமை உண்டு. வேட்பாளரின் தகுதியை எடுத்துரைத்து ஆதரவு கேட்கவும் செய்யலாம். ஆனால் மீறினால் தெய்வக் குற்றம் என்று அடியார் அஞ்சும்படி, தேர்ந்துகொள்ளும் உரிமையே அவருக்கு இல்லாதவாறு செய்தல் தகாது. நம் திருச்சபைச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 287-ஆம் விதி, குருக்கள் அரசியல் கட்சிகளில் முனைந்து பங்குகொள்வதைத் தடுக்கிறது.

நான் இதையெல்லாம் அந்தத் தாயிடம் விரித்துரைக்கவில்லை. கேட்டால் தலை சுற்றியிருக்கும். "அம்மா, ஒங்களுக்கு அந்த வேட்பாளர ஏன் புடிச்சிருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு கூறினார். முந்திய ஆண்டு ஊரடங்கின்போது தம் தங்கைக்கு நோய் கண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வண்டி கிடைக்கவில்லையாம். அந்த மனிதர், அன்று அவர் வேட்பாளரும் அல்லர், தம் வண்டியை அனுப்பினாராம். மறுநாள் தாமே வந்து விசாரித்தாராம். "அவரு எந்தக் கட்சின்னு எனக்கு அன்னிக்குத் தெரியாது சாமி."

"இதை மகனிடம் சொன்னீங்களா?"

"இல்ல."

"ஒங்க வீட்டுக்காரரிடம்?"

"அவங்க ரெண்டு பேரும் என்னைக் கேக்கவே இல்லையே சாமி."

அன்பர்களே, அந்த வீட்டில் மூன்று வாக்காளர்கள். இருவர் தலைவர்களைப்பற்றி நாளெல்லாம் வாதிட்டார்கள். அவர்கள் கண்டறியாத தலைவர்கள். வேட்பாளரை நேரில் அறிந்தவர் ஒருவரே. அவரை எவரும் கேட்கவில்லை. "நான் சொல்வதைவிட நீங்க சொல்றதுதான் மொறை. ஒரே ஒரு தடவை சொல்லுங்க. ரெண்டு பேரும் இருக்கும்போது சொல்லுங்க. 'நீயும் போடு'ன்னு முடிக்க வேண்டாம்" என்று கூறி அனுப்பினேன்.

உயிர்ப்பு ஞாயிறன்று, இறைச்சிக் குழம்பைப் பரிமாறிவிட்டு அவர் சொன்னாராம். மகன் உண்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாராம். "ஏம்மா இதை அன்னிக்கே சொல்லல?" என்று வருந்தினாராம். அவர் யாருக்கு வாக்களித்தார் என்பது எனக்குத் தெரியாது, தாயும் கேட்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. தாம் ஒரு மாதமாகத் தொண்டை வறளப் பேசியும் அசையாத மகன், மனைவி கால் மணி நேரம் பேசியதைக் கேட்டுக்கொண்டானே என்று தந்தைக்கு மனத்தாங்கல். அவர் அதற்காக என்னிடம் வந்து தனியாக முறையிட்டார்.

சட்டம் குருவுக்கு விதித்த தடையை வீட்டார் தங்களுக்கு இல்லையென்று கருதுவதைப் பல இல்லங்களில் காண்கிறேன். "இந்தச் சின்னத்துல போடலைன்னா வீட்டுப் படி ஏறாத" என்பது ஒரு சிறு சாதிவிலக்கு அல்லவா? "என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்பதும், உண்ணாமல் படுத்துக்கொள்வதும் அன்பின் உருவில் வரும் அச்சுறுத்தல்கள் அல்லவா? 2024 பிப்ரவரியில் மகாராட்டிர மாநிலத்துச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பள்ளிச் சிறுவர்களிடம், பெற்றோர் தமக்கு வாக்களிக்க இசையாவிட்டால் இரண்டு நாள் உண்ணாதிருக்கும்படி கூறியது நாளேடுகளில் வந்தது. பிரசாரத்தில் சிறுவரைப் பயன்படுத்தலாகாது என்று அதே மாதத்தில்தான் தேர்தல் ஆணையம் கட்சிகளை எச்சரித்திருந்தது. நாடே அவரைக் கண்டித்தது, சரியே. ஆனால் அந்த உத்தியை அவர் எங்கிருந்து கற்றார்? பசித்த பிள்ளையைக் கண்டு தாய் இளகுவாள் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த செய்திதானே.

சத்தியத்தைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. காளவாசலிலிருந்து தெற்கே திருமங்கலம் அதிகத் தொலைவில் இல்லை. 2009 ஜனவரி 9 அன்று அங்கே நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்னும் தொடர் நாடெங்கும் வழங்கலாயிற்று. உறையிலிட்ட பணம் வீடு தேடி வந்தது என்பதே அதன் பொருள். அவ்வூர் மக்களுக்கு இது எத்துணைத் தலைகுனிவு! நல்ல நெல் விளையும் ஊரின் பெயர் இழிவான ஒரு வாய்பாட்டுக்கு இடப்பட்டுவிட்டது. அதன்பின் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017-இல் சென்னை இராதாகிருஷ்ணன் நகரிலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பண விநியோகம் காரணமாகத் தேர்தலையே நிறுத்த நேர்ந்தது.

பணம் கொடுப்போர் வெறுமனே கொடுத்துவிட்டுப் போவதில்லை. தெய்வப் படத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொல்வதும் நடக்கிறது. ஒரு தேர்தலுக்கு முந்திய இரவில் முதிய கைம்பெண் ஒருவர் நடுங்கிக்கொண்டே வந்தார். அவருடைய மூத்த மகன் வீட்டிலுள்ள நான்கு வாக்குகளுக்கும் சேர்த்துப் பணம் பெற்றுக்கொண்டு, தாயையும் அழைத்து மாதா படத்தின் மேல் சத்தியம் செய்ய வைத்திருக்கிறார். அம்மூதாட்டிக்கோ வேறொரு வேட்பாளர்மேல் பற்று. "மனசு ஒருத்தருக்கு, சத்தியம் ஒருத்தருக்கு. இப்ப நான் எதைச் செஞ்சாலும் பாவந்தானே சாமி?" என்று கேட்டார். எண்பது வயதை நெருங்கிய பெண்மணி. இரவு முழுதும் உறங்கவில்லையாம்.

இதற்குத் திருச்சபை தெளிவான விடை வைத்திருக்கிறது. பொதுநலனுக்குக் கேடு விளைவிக்கும் செயலை ஆணையிட்டு உறுதி செய்தால், அந்த ஆணையால் அச்செயலுக்கு எவ்வித வலிமையும் ஏற்படாது என்கிறது 1201-ஆம் விதி. வன்முறையாலோ கடும் அச்சத்தாலோ பிடுங்கப்பட்ட ஆணை செல்லாது என்கிறது அதற்கு முந்திய விதி. கள்வனிடம் "நாளை உனக்குக் கதவைத் திறந்துவைப்பேன்" என்று சத்தியம் செய்தவர், கதவைத் திறந்துவைக்கக் கடமைப்பட்டவர் அல்லர். பணத்துக்கு வாக்கை விற்க ஒப்புக்கொண்டதுதான் குறை; அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றாதது குறையன்று. "பாட்டி, அந்தச் சத்தியம் ஒங்களக் கட்டாது. ஒங்க மனசு சொல்றபடி போடுங்க. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க" என்றேன். அவர் தம் பங்குக்கு வந்த தொகையை மறுநாளே ஏழைகள் உண்டியலில் போட்டுவிட்டார். மகனிடம் இதைக் கூற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகனை நானாகவே வேறு நாளில் அழைத்துப் பேசினேன். தாயின் வாக்கை விற்க அவருக்கு உரிமை இல்லை என்பதைவிட, தாயை அவ்விரவு உறங்கவிடாமல் செய்தார் என்பதே அவரைத் தொட்டது.

மற்றொன்றையும் வீட்டார் அறிந்திருப்பது நலம். வாக்கு மறைவானது என்பது வெறும் அலங்காரச் சொல் அன்று. 1952-இல் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, திரைக்குப் பின்னால் சென்று சீட்டை இடச் சொன்னார்கள். இன்று பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு ஏழு வினாடிகள் தெரிந்து, தானே அறுந்து விழுந்துவிடுகிறது. அந்த ஏழு வினாடிகள் வாக்களித்தவருக்கு மட்டுமே உரியவை. யாருக்கு வாக்களித்தாய் என்று நீதிமன்றத்தில் நிறுத்திக்கூட ஒருவரைக் கேட்க முடியாதென்று சட்டம் கூறுகிறது. நீதிபதிக்கே இல்லாத உரிமை மாமியாருக்கு எங்கிருந்து வந்தது?

முன்னே கூறிய தாயின் கதை அத்தோடு முடியவில்லை. 2022 பிப்ரவரி 19 அன்று மாநகராட்சித் தேர்தல் வந்தது. மதுரையில் நூறு வார்டுகள். அவர் குடியிருக்கும் வார்டில் பெண்மணி ஒருவர் நின்றார். தெருவில் தேங்கிய சாக்கடைக்காக மாநகராட்சி அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் நடையாய் நடந்தவர். கட்சிப் பின்னணி அதிகம் இல்லாதவர். இம்முறை அத்தாய் என்னிடம் வரவில்லை. ஒரு மாலையில் கணவரையும் மகனையும் அழைத்துக்கொண்டு தெருக்கோடிக்குச் சென்று, சீர் செய்யப்பட்ட பகுதியையும் சீர் செய்யப்படாத பகுதியையும் காட்டினாராம். வழியில் அந்தப் பெண்மணி எதிர்ப்பட, நின்று பேசினார்களாம். மகன் கேட்ட கேள்விகள் சிலவற்றுக்கு அவர் தெரியாது என்று ஒப்புக்கொண்டது மகனுக்குப் பிடித்துப் போயிற்று. தந்தைக்குப் பிடிக்கவில்லை, "தெரியாதுன்னு சொல்றவங்க எதுக்கு நிக்கிறாங்க?" என்றாராம். அந்த வேட்பாளர் தோற்றார். தாய்க்கு வருத்தமே. ஆனால் "எங்க வீட்டுல ஒரு ஓட்டாவது வாங்கிக் குடுத்தேன்னு நெனைக்கிறேன் சாமி, எந்த ஓட்டுன்னு எனக்குத் தெரியாது" என்று சிரித்தார்.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. வெயிலுக்கு அஞ்சிக் காலை ஏழு மணிக்கெல்லாம் மக்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். நான் வாக்களித்துவிட்டுத் திரும்பும் வழியில் அந்தத் தந்தையும் மகனும் ஒரே வண்டியில் வந்தார்கள். தாய் பின்னால் மகளோடு நடந்து வந்தார். தந்தை பின்னிருக்கையில் அமர்ந்தவாறே கையை ஆட்டி ஆட்டி ஏதோ வாதிட்டுக்கொண்டு வந்தார். மகனும் விடவில்லை. குழுவில் தந்தை மீண்டும் சேர்க்கப்பட்டுவிட்டார் என்பதையும், நாள்தோறும் காலையில் மகனுக்கு எதிராக ஒரு செய்தியாவது அனுப்பிவிடுகிறார் என்பதையும் நான் முன்னரே கேள்விப்பட்டிருந்தேன். வாக்குச் சாவடிக்கு நூறு மீட்டர் தொலைவில் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். அதற்குள் வாக்குக் கேட்கலாகாது என்பது விதி. கோட்டுக்கு இப்பால் மகன் வண்டியை நிறுத்தினார். தந்தை இறங்கவில்லை. "இரு, முடிச்சுட்டு வரேன்" என்று தம் வாதத்தை முழுவதும் கூறி முடித்துவிட்டு, பிறகு கோட்டைத் தாண்டி வாயை மூடிக்கொண்டு நடந்தார்.